முதல் 18 மணி நேரம்

(கிராம நூலகம் ஒன்றின் ஆண்டு விழாவில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'அரிய கண் நோய்கள்' என்ற தலைப்பில் பேசும்படி நூலகர் கேட்டுக்கொண்டார். அரிய நோய் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? எங்கோ யாருக்கோ வருவது, வந்தால் விதி, நம் கையில் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண் நோயாளிகளோடு இருந்தவள் நான். என் அனுபவம் வேறு. ஊர் பேர் தெரியாத பெரிய நோய்கள் சில, மிகச் சாதாரணமான ஒரு நொடியில் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நெல் சுணை, ஓர் இரும்புச் சில்லு, ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. அது பட்ட பிறகு எத்தனை மணி நேரத்தில் வைத்தியம் தொடங்கியது என்பதே அந்தக் கண்ணின் கதையை முடிவு செய்தது. ஆகவே இன்று நோய்களைப் பற்றிக் கொஞ்சமும், நேரத்தைப் பற்றி நிறையவும் பேசுகிறேன்.

ஒரு நெல் சுணை

ஒரு தை மாதம். அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, முந்தானையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மகனோடு வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"களத்துல நெல்லு தூத்துறப்போ சுணை விழுந்துருச்சு டாக்டரம்மா. உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"என்னைக்கு விழுந்தது?"

"இன்னையோட ஒம்பது நாளு."

அந்த ஒன்பது நாளில் நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். விழுந்த அன்று கசக்கியிருக்கிறார். இரவு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண் இரக்கப்பட்டுக் கொஞ்சம் தாய்ப்பால் விட்டிருக்கிறாள். இரண்டாம் நாள், அடுத்த ஊரில் நாக்கால் தூசி எடுக்கும் பாட்டியிடம் போயிருக்கிறார். நான்காம் நாள் நந்தியாவட்டைப் பூச்சாறு. ஆறாம் நாள் மகன் மெடிக்கல் ஷாப்பில் 'சிவந்த கண்ணுக்கு' என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறான். அதை விட்டதும் சிவப்புக் குறைந்தது, வலியும் அடங்கியது. சரியாகிவிட்டது என்று வயலுக்கும் போய்விட்டார். எட்டாம் நாள் இரவு மண்டையே பிளப்பது போல வலி.

கருவியில் கண்ணை வைக்கச் சொல்லிப் பார்த்தேன். கருவிழியின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புண். அதன் ஓரம் கோழி இறகைப் போலப் பிசிறு பிசிறாக இருந்தது. கருவிழிக்குப் பின்னால், அடிப்பக்கத்தில், மோர்ப் பானையில் தயிர் படிந்தது போலச் சீழ். பார்த்தவுடனே தெரிந்தது, பூஞ்சைக் காளான் பற்றிய புண். நெல்லிலும் மண்ணிலும் கரும்புத் தோகையிலும் இருக்கும் பூஞ்சை, சுணை கீறிய வழியாக உள்ளே போய்க் குடியேறிவிட்டது.

மணிக்கு ஒரு தரம் மருந்து விட்டோம். பகல், இரவு, தூக்கத்தில் எழுப்பி என்று வாரக்கணக்கில் விட்டோம். புண் ஆறியது. ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. நம் ஊரில் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பார்களே, அதுதான். அந்தக் கண்ணால் அவருக்கு இன்று முகத்துக்கு நேரே நீட்டும் விரல்களை எண்ணத்தான் முடியும்.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. பால் விட்ட பெண்ணும், தூசி எடுத்த பாட்டியும், மருந்து வாங்கிய மகனும் அன்போடுதான் செய்தார்கள். ஆனால் கீறல் விழுந்த கருவிழிக்கு நாக்கின் எச்சிலும் பச்சிலைச் சாறும் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகள். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. வலி தீர்ந்தது என்று அந்த அம்மா நம்பிய அந்த இரண்டு நாளில்தான் புண் ஆழமாக இறங்கியது.

கருவிழி எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். கண்ணின் முன்பக்கத்தில், கடிகாரக் கண்ணாடி போலப் பதிந்திருக்கும் பளிங்கு அது. நடுப்பகுதியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் ஒளி தடைப்படும். ரத்தக் குழாய் இல்லாததால்தான் தெளிவு, அதனால்தான் கிருமி நுழைந்தால் போராட ஆள் வந்து சேரத் தாமதமும். மேலே மெல்லிய தோல் போல ஒரு படலம் காவல் இருக்கிறது. அது கிழியாதவரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே போவதில்லை. சுணை கிழிப்பது அந்தக் காவலைத்தான்.

அந்தக் கீறலைக் கண்ணால் பார்க்கலாம். ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த ஒரு சிறு காகிதத் துண்டை இமையின் உள்ளே தொட்டுவிட்டு, நீல விளக்கைக் காட்டுவோம். கீறல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும், ஒரு மயிரிழை அளவுக்கு. முதல் நாளே வந்தவர்களின் கண்ணில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். மருந்து போட்டு அனுப்பினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அந்தப் பச்சைக் கோடு இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். மயிரிழைக் கோட்டுக்கும் பூ விழுந்த கண்ணுக்கும் நடுவே இருந்தவை சில நாட்கள்தான்.

284 பேர்

இது ஒரு அம்மாவின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். மதுரை மாவட்டத்தில் 1990-களில் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது ஏறத்தாழப் பத்து மடங்கு. அதே காலத்தில் மதுரையில் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர், முதலில் கண்ணில் ஏதோ பட்டது என்றுதான் சொன்னார்கள். கிருமி வளர்த்துக் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சை. குளிர் நாடுகளில் அரிதாகக் காணும் பூஞ்சைப் புண், நம் களத்துமேட்டில் அன்றாடம் காணும் நோய். பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்று உலகத்துக்குச் சொன்ன பெரிய ஆய்வுகளில் ஒன்று 2013-இல் வெளிவந்தது. அதற்கு ஒத்துழைத்த நோயாளிகள் தமிழ்நாட்டு, புதுச்சேரி மக்கள். பழைய நாட்டாமைசின் மருந்து, புதிய வோரிகோனசோலைவிட நல்லது என்று அந்த ஆய்வில் தெரிந்தது.

மருந்தைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் புண்ணே வராமல் தடுக்க முடியுமா?

முடியும் என்று நேபாளம் காட்டியது. காத்மாண்டுக்குப் பக்கத்தில் பக்தபூர் மாவட்டம். அங்கே 34,902 மக்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கவனித்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற 81 கண் நலப் பணியாளர்கள். கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: ஒரு சதவீத குளோராம்பெனிகால் களிம்பு, நாளைக்கு மூன்று தடவை, மூன்று நாள். அப்படி 442 பேருக்குப் போட்டார்கள். அவர்களில் 424 பேருக்குப் புண் வராமலே ஆறியது.

இந்தக் கணக்கின் உள்ளே இருக்கும் கணக்குதான் என்னை உலுக்கியது. காயம் பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 109 பேர், அதில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் முழுக்கத் தாமதித்து, இரண்டாம் நாளில் வந்தவர்கள் 49 பேர். அதில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. நாலில் ஒருவருக்கும் மேல்.

அதே களிம்பு, அதே மக்கள், அதே கைகள். வித்தியாசம் நேரம் மட்டும்தான். பிற்பாடு மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும், பூட்டானிலும், மியான்மரிலும் இந்த வழியைச் செய்து பார்த்தார்கள். அங்கும் பலன் கிடைத்தது. காலையில் களத்தில் சுணை விழுந்தால், மறுநாள் விடிவதற்குள் மருந்து விழ வேண்டும். 18 மணி நேரம் என்பதற்கு நம் வீட்டுக் கணக்கு இதுதான்.

சுண்ணாம்புக்கு 18 மணி நேரம் கிடையாது

இப்போது வீட்டுக்குள் வருவோம். பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கும். கடைகளில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டிலும் சுண்ணாம்பு விற்கிறார்கள். குழந்தை கையில் அந்தப் பாக்கெட் கிடைத்தால் என்ன செய்யும்? அமுக்கும். அமுக்கினால் பீய்ச்சி அடிக்கும். குழந்தையின் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும்.

அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பு வெந்து இறுகும். அந்த இறுகிய படலமே அமிலம் மேலும் உள்ளே போகாமல் ஓரளவு தடுத்துவிடும். சுண்ணாம்பு காரம். அது கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கருவிழியின் ஓரத்தில், வெள்ளை விழியைத் தொடும் வட்டத்தில், கருவிழிப் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன. அவை வெந்துவிட்டால் அந்தக் கண் பளிங்காக இருக்க முடியாது. வெள்ளை விழியின் சதையும் ரத்தக் குழாயும் கருவிழி மேல் ஏறிப் படர்ந்துவிடும். நல்ல கண்ணிலிருந்து அந்த உயிரணுக்களைக் கடுகளவு எடுத்துப் பதியனிடும் எளிய முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2012-இல் உலகுக்குச் சொன்னது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனாலும் இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு பட்ட குழந்தைக்கு எங்கிருந்து எடுப்பது?

சுண்ணாம்பு பட்டால் அந்த நொடியே தண்ணீர். டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன்னால் தண்ணீர். குடிதண்ணீர், குழாய்த் தண்ணீர், எது சுத்தமாகக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதோ அது. குழந்தையை மடியில் மல்லாத்தி, இமையை விரலால் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக வழிய வழிய அரை மணி நேரம் ஊற்றுங்கள். குழந்தை கதறும். மனம் கேட்காது. நிறுத்தாதீர்கள். இமைக்கு உள்ளே சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் ஈரத் துணியின் நுனியால் எடுத்துவிடுங்கள். எண்ணெயோ பாலோ எலுமிச்சையோ வேண்டாம். பிறகு உடனே மருத்துவமனை. எத்தனை பெரிய மருத்துவமனையானாலும், வீட்டில் ஊற்றாத அந்த முதல் சொம்புத் தண்ணீருக்கு அங்கே ஈடு கிடையாது.

கழிப்பறை கழுவும் திரவம், பேட்டரி அமிலம், சிமென்ட், எதுவானாலும் முதல் வைத்தியம் இதுதான்.

ஒரு கண்ணின் காயம், இன்னொரு கண்ணின் இருட்டு

நூலகர் கேட்ட அரிய நோய்க்கு இப்போது வருகிறேன். அதைச் சொல்ல, உங்களை பிரான்ஸ் நாட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

பாரிஸுக்குப் பக்கத்தில் கூவ்ரே என்ற சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் ஒரு தொழிலாளி. அவருடைய மகன் 1809 ஜனவரி 4-ஆம் தேதி பிறந்தான். மூன்று வயதில் அப்பாவின் பட்டறைக்குள் புகுந்து, தோலைத் துளையிடும் ஊசியைக் கையில் எடுத்து விளையாடினான். கை வழுக்கி ஊசி ஒரு கண்ணில் குத்தியது. அந்தக் கண் போனது. அதோடு நிற்கவில்லை. காயமே படாத மற்றொரு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஐந்து வயதுக்குள் பையன் முழுக்கப் பார்வை இழந்தான். அவன்தான் லூயி பிரெய்ல். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை, தன் பதினைந்தாவது வயதில், 1824-இல் உருவாக்கியவர்.

காயம் படாத கண் ஏன் போனது? 'சிம்பதெட்டிக் ஆப்தால்மியா' என்ற அரிய நோய்தான் காரணம் என்று கண் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். கண்ணின் உட்பகுதி, உடம்பின் காவல் படைக்குப் பழக்கமில்லாத இடம். உள்ளே நடுப்படலத்தில் இருக்கும் நிறமிப் புரதங்களை ரத்தத்தின் வெள்ளையணுக்கள் வழக்கமாகச் சந்திப்பதே இல்லை. கண் கிழிந்து அந்தப் படலம் வெளியே வந்துவிட்டால், முதன்முறையாகச் சந்திக்கின்றன. யாரோ அந்நியன் என்று நினைத்து அடிக்கக் கற்றுக்கொள்கின்றன. மற்றொரு கண்ணிலும் அதே படலம் இருக்கிறதே! அங்கேயும் போய்த் தாக்குகின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு இது காயம்பட்ட ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். பல பத்தாண்டுகள் கழித்து வந்ததும் உண்டு.

அரிய நோய் என்றேன். கண் கிழிந்தவர்களில்கூட ஆயிரத்துக்கு ஐந்து பேருக்குள்தான் வரும். என் பணிக்காலத்தில் இரண்டே பேரைப் பார்த்தேன். அதில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கல் உடைக்கும் தொழிலாளி. உளியின் தலை சில்லாகத் தெறித்து வலது கண்ணைக் கிழித்துவிட்டது. அன்று இரவே தையல் போட்டோம். பார்வை திரும்பவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவரிடமும் அவர் மனைவியிடமும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னோம்: நல்ல கண்ணில் கொஞ்சம் மங்கினாலும் கூசினாலும் அன்றைக்கே வாருங்கள்.

ஏழாவது வாரம் வந்தார். "டாக்டரம்மா, தூரத்துல பஸ் போர்டு தெரியுது. கிட்ட வச்சா பேப்பர் எழுத்து ஓடுது. வெயில் கூசுது. இதுக்காக வரணுமான்னு யோசிச்சேன், இவதான் இழுத்துட்டு வந்தா" என்றார். நல்ல கண்ணுக்குள் அழற்சி தொடங்கியிருந்தது. உடனே ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் தொடங்கினோம். மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்துப் பார்த்துக் குறைத்தோம். அந்தக் கண் பிழைத்தது. களத்தில் சுணை விழுந்த அம்மாவின் கண்ணைக் கெடுத்த அதே ஸ்டீராய்டுதான் இவர் கண்ணைக் காப்பாற்றியது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்க ஒருவர் வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். அவருடைய பார்வையைக் காத்ததில் எங்களுக்கு இருக்கும் பங்கு, 'வா போகலாம்' என்று இழுத்து வந்த அவர் மனைவிக்கும் இருக்கிறது.

இந்த அரிய நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் முதல் காயம் படாவிட்டால் நோயே கிடையாது. பட்டறைத் தம்பிகள் கேளுங்கள். உளியில் சுத்தியல் அடிக்கும்போதும், கிரைண்டிங் வீல் ஓடும்போதும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கூலிங் கிளாஸ் அதற்கு மாற்று ஆகாது. உளியின் தலை பூப்போல விரிந்திருந்தால் தீட்டிச் சரிசெய்த பிறகே அடியுங்கள், அந்த விரிந்த ஓரம்தான் சில்லாகத் தெறிக்கும். 'ஏதோ பட்டது, தண்ணி வந்தது, அப்புறம் சரியாப்போச்சு' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். வேகமாகத் தெறிக்கும் இரும்புத் துணுக்கு, ஊசி நுழைந்த அளவு துளை போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வலி பெரிதாக இருக்காது. உள்ளேயே துருப்பிடித்து, மாதங்கள் கழித்து விழித்திரையைக் கெடுக்கும். வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவு படுத்த பிறகு கண்ணில் மணலை வாரிப் போட்டது போல எரியும்.

கண் கிழிந்துவிட்டது, அல்லது ஏதாவது குத்தி நிற்கிறது என்றால், சுண்ணாம்புக்குச் சொன்னதை அப்படியே மறந்துவிடுங்கள். கழுவக் கூடாது. அமுக்கக் கூடாது. குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றைக் கண் மேல் படாமல் கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டி, அப்படியே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், ஆகவே சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிரெய்லைக் குத்திய ஊசி எங்கோ கிடந்த ஆயுதம் அல்ல, அப்பாவின் தொழில் கருவி. நம் வீட்டிலும் கத்தரிக்கோல், காம்பஸ், தையல் ஊசி, அம்பு விடும் ஈர்க்குச்சி எல்லாம் குழந்தையின் கண் மட்டத்தில்தான் இருக்கின்றன. தீபாவளி அன்று, பற்றாத புஸ்வாணத்தைக் குனிந்து பார்த்தவர்களையும், யாரோ வெடித்த அணுகுண்டை வேடிக்கை பார்க்க நின்றவர்களையும் ஆண்டுதோறும் பார்த்தோம். பற்றாத வெடியைத் தொடாதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீரை ஊற்றிவிட்டு நகருங்கள்.

மருத்துவமனைக்குள்ளும் ஒரு கடிகாரம்

நேரத்தைத் தவறவிடுவது களத்திலும் பட்டறையிலும் மட்டும் நடப்பதில்லை. எங்கள் இடத்திலும் நடக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. இன்குபேட்டரில் உயிரைக் காப்பாற்றும் அதே பிராணவாயு, அளவு மீறினால் அந்தக் குழாய்களைத் தாறுமாறாக வளரச் செய்துவிடும். விழித்திரை உரிந்து, குழந்தை இருட்டிலேயே வளரும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். உரிய காலத்தில் லேசர் வைத்தியம் செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். தமிழ்நாட்டில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை சொல்லப்படவில்லை. பார்வை போயிற்று. குடும்பம் நீதிமன்றம் சென்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தபோது அவளுக்கு வயது 18. உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால், வீட்டுக்கு அனுப்பும் சீட்டைக் கையில் வாங்கும்போதே கேளுங்கள்: 'கண் பரிசோதனை என்றைக்கு?'

தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியின் கண்கள் பல நேரம் முழுக்க மூடாது. இமை கொட்டாத கருவிழி காய்ந்து, கீறலாகி, புண்ணாகும். உயிர் பிழைத்து எழுந்தவர், கண்ணைப் பறிகொடுத்து எழுவார். இமையை மூடி, களிம்பு போட்டு, சில மணிக்கு ஒருமுறை பார்த்தால் இது பெரும்பாலும் வராது. பார்க்க உள்ளே விடும் அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் நோயாளியின் கண்ணைப் பாருங்கள். இமைக்கு நடுவே வெள்ளை தெரிந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள், தயங்காதீர்கள். முகவாதம் வந்து ஒரு கண் மூடாமல் இருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

தடுக்கவே முடியாத அரிய நோய்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. குழந்தையின் விழித்திரையில் வரும் புற்றுநோய் ஒன்று, பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். யாருடைய தவறாலும் வருவதில்லை. ஆனால் அதுவும் நேரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. கண்மணி கறுப்பாக இல்லாமல், இருட்டில் பூனைக்கண் போல வெள்ளையாக மின்னும். செல்போனில் எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரியும். போட்டோ சரியில்லை என்று அழித்துவிடாதீர்கள். அந்தப் போட்டோவோடு மறுநாளே கண் மருத்துவரிடம் வாருங்கள். சீக்கிரம் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது

அன்பானவர்களே, 1976-இல் டாக்டர் வெங்கடசாமி ஐயா மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த விதையிலிருந்து எத்தனையோ லட்சம் பேர் பார்வை பெற்றார்கள். கண்புரையால் மங்கிய கண்ணுக்கு லென்ஸ் வைத்துப் பார்வையைத் திருப்பித் தர இன்று நம்மால் முடிகிறது. பூ விழுந்த கண்ணையும் உரிந்த விழித்திரையையும் அப்படித் திருப்பித் தர பல நேரம் முடிவதில்லை. அவற்றைக் காக்கும் வேலை மருத்துவமனை வாசலுக்கு வெளியே, உங்கள் கையில் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களிடமும் மகளிர் குழுத் தாய்மார்களிடமும் மூன்று காரியங்கள் கேட்கிறேன். அறுப்புக்கு முன், கண்ணில் ஏதாவது பட்டால் யாரிடம் போக வேண்டும் என்பதைக் கிராமச் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையக் கண் மருத்துவ உதவியாளரிடமும் கேட்டு, ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு பட்டறையிலும் ஆணி அடித்து ஒரு பாதுகாப்புக் கண்ணாடியைத் தொங்கவிடுங்கள். யாராவது சிவந்த கண்ணோடு வந்தால் 'என்ன போட்டாய்?' என்று கேட்பதற்கு முன், 'எப்போது பட்டது?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, 'வா போகலாம்' என்று கையைப் பிடித்துக் கூட்டிச் செல்லுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் சுண்ணாம்பு டப்பா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பக்தபூரில் 284 பேர் 18 மணி நேரத்துக்குள் வந்தார்கள். ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை.